பட்லர் இல்லாத பங்களா

வெளிநாட்டுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. எதைப் புதிதாகக் கற்றுக்கொள்ளலாம், எந்தப் பரீட்சை எழுதினால் மதிப்பு, எத்தனை வருடத்தில் கம்பெனி மாறினால் நல்லது என்றெல்லாம் கேட்பார்கள். எனக்கு இதெல்லாம் அவ்வளவாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். போகிற இடத்தில் பட்லரைத் தேடாதீர்கள் என்பேன். உடனே அவர்கள் முகம் ஒரு மாதிரியாகிவிடும். இந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மரியாதைக்கு ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பட்லர் கதையை முழுதாகச் சொன்னால்தான் புரியும்.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் ஒரு டீ எஸ்டேட்டில் நான் வளர்ந்தேன். அப்பா அங்கே டீ மேக்கர். டீ மேக்கர் என்றால் கடையில் டீ போடுகிறவர் என்று மலைக்குக் கீழே இருந்த சொந்தக்காரர்கள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஃபேக்டரிக்கு வந்து சேரும் பச்சை இலை தூளாகி மூட்டையில் ஏறும் வரை எல்லாம் அவர் பொறுப்பு. அவிநாசிப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து மலையேறியவர். வந்த முதல் வாரம் போட்ட ஸ்வெட்டரை அப்புறம் கழற்றவே இல்லை என்று அம்மா கேலி செய்வாள்.

எஸ்டேட் மேனேஜரைத் துரை என்போம். வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ காலமாகி, எங்கள் துரை கோயமுத்தூர்க்காரர்தான். பீளமேட்டில் வீடு, பேச்சும் எங்கள் பேச்சு. ஆனாலும் துரை துரைதான். வேலை விஷயமாக அவர் நம்மைக் கேட்பார், நாம் பதில் சொல்வோம். நமக்கு ஒன்று வேண்டும் என்று நாமாகப் போய் அவர் முன்னால் நின்று கேட்பது மட்டும் கிடையாது. கேட்கக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. வாய் வராது, அவ்வளவுதான்.

கேட்க வேண்டியதைப் பட்லரிடம் சொல்ல வேண்டும். பங்களாவில் துரைக்குச் சமைத்துப் பரிமாறுகிறவர் அவர். வெலிங்டனில் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் வேலை பழகியவர். நரைத்த மீசை, வெள்ளைச் சட்டை, நடந்து வந்தால் சத்தமே கேட்காது. காலையில் பால் வாங்க எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் வருவார். வீட்டுக் கூரை ஒழுகுகிறதா, மச்சான் கல்யாணத்துக்கு லீவு வேண்டுமா, பிரசவத்துக்கு ஜீப் வேண்டுமா, அவர் காதில் போட்டால் போதும். துரை இன்று இரண்டாவது முட்டை கேட்டாரா, டோஸ்ட்டைப் பாதியில் வைத்துவிட்டாரா என்று நிலவரம் பார்த்து, தட்டை எடுக்கும்போது பட்லர் மெதுவாக ஆரம்பிப்பார். “டீ மேக்கர் ஊட்ல ஒழுகுதாமுங்க.” அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

பதிலும் வாயால் வராது. நாலைந்து நாள் கழித்து மேஸ்திரி ஏணியோடு வந்து நின்றால் துரை சரி என்றுவிட்டார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மேஸ்திரி வராவிட்டால் பட்லரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார், நாங்களும் எடுக்க மாட்டோம். ஆகவே எங்கள் எஸ்டேட்டில் துரை வாயிலிருந்து ‘முடியாது’ என்ற சொல்லைக் கேட்டவர்கள் யாரும் இல்லை. கேட்டவருக்கும் மானம் போகவில்லை, மறுத்தவருக்கும் மனக்கஷ்டம் இல்லை. பட்லருக்குப் பொங்கலுக்கு ஒரு பூசணிக்காய், தீபாவளிக்குக் கொஞ்சம் முறுக்கு. நான் இன்ஜினியரிங் படிக்கக் கோயமுத்தூர் போனபோது என் பெட்டி படுக்கையெல்லாம் எஸ்டேட் ஜீப்பில் போனது. அதுவும் பட்லர் தயவுதான்.

படித்து முடித்து, சென்னையில் கொஞ்ச நாள் வேலை பார்த்து, அந்தக் கம்பெனியே என்னை ஹாலந்துக்கு அனுப்பியது. அங்கே எனக்கு மேனேஜராக வந்தவர் ஒரு பெண்மணி. நல்ல உயரம். சைக்கிளில் ஆபீசுக்கு வருவார், மழை பெய்தாலும் சைக்கிள்தான். மத்தியானம் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்றுகொண்டே வேலை செய்வார். அவருக்குத் தனியறை கூடக் கிடையாது. எனக்கு மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருப்பார். தும்மினால் கேட்கும் தூரம்.

அந்த மூன்று மேஜையைத் தாண்ட என்னால் முடியவில்லை. வேலை விஷயம் என்றால் சரளமாகப் பேசுவேன். எனக்கென்று ஒன்று கேட்க வேண்டும் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் நாற்காலியின் ஒரு சக்கரம் உடைந்து ஆடிக்கொண்டிருந்தது. அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதற்குப் பதிலாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரப் பழகிக்கொண்டேன். முதுகு பிடித்துக்கொண்டதற்கு அந்த ஊர்க் குளிரைப் பழி சொன்னேன்.

அப்போதுதான் எங்கள் குழுவை நடத்திவந்த லீடு வேறு ஊருக்குப் போவதாகச் சொன்னார். அந்த இடம் காலியாகப் போகிறது. எனக்கு அது வேண்டும். பொய் சொல்வானேன், ரொம்பவே வேண்டும். அங்கே எழுதிய புரோகிராமில் பாதி என் கையால் எழுதியது. ராத்திரியில் எது படுத்தாலும் என்னைத்தான் எழுப்புவார்கள். லீடு ஆனால் வேலை நிரந்தரமாகும், கல்யாணம் செய்துகொண்டு ஒரு வீடு பிடித்துக் குடித்தனம் வைக்கலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆக, என்ன செய்ய வேண்டும்? சுற்றுமுற்றும் பார்த்து ஒரு பட்லரைக் கண்டுபிடித்தேன்.

எங்களோடு வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் மத்தியானத்தில் மேனேஜரோடு கால்வாய்க் கரையில் ஓடப் போவார். வியர்த்து விறுவிறுக்க இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டு திரும்பி வருவார்கள். துரையின் மூடு தெரிந்தவர், தனியாகப் பேச வாய்ப்புள்ளவர். வேறென்ன தகுதி வேண்டும்? ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த நல்ல டீத்தூளில் ஒரு பாக்கெட்டை அவருக்குக் கொடுத்தேன். பாலை முதலில் காய்ச்ச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் அவர் பெண்டாட்டிக்கும் ரொம்பப் பிடித்துவிட்டதாம். பூமி பதமாகிவிட்டது என்று தெரிந்ததும் ஒருநாள் காபி மெஷின் பக்கத்தில் விஷயத்தை எடுத்தேன். லீடு இடம் காலியாகிறதாமே, நானும் இங்கே வந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது, அப்படி இப்படி என்று. அவர் “அப்படியா, நல்லதுதான்” என்று சொல்லிவிட்டுக் காபி பட்டனை அழுத்தினார்.

எங்கள் பட்லரும் இப்படித்தான், கேட்டுக்கொண்டு ஒன்றுமே சொல்ல மாட்டார். எனக்கு நிம்மதியாகிவிட்டது. இனி மேஸ்திரி ஏணியோடு வர வேண்டியதுதான் பாக்கி என்று, வருட லீவைப் போட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

நான் ஹாலந்தில் இருந்த அந்த வருடங்களில்தான் நீலகிரியில் தேயிலை விலை விழுந்தது. கொஞ்ச நஞ்ச விழுதல் இல்லை. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று சிறு தோட்டக்காரர்கள் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருக்க வேண்டிய செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றது. சிலர் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டார்கள். குன்னூர் மார்க்கெட்டில் ஜவுளிக் கடைக்காரர்கள் வாசலில் நின்று பஸ்ஸை வேடிக்கை பார்த்தார்கள். வேலை தேடித் திருப்பூருக்குப் போகிற பஸ்ஸில் மட்டும் நிற்க இடமில்லை. அப்பாவோ போனில் ஒவ்வொரு முறையும் “எல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு” என்பார். அவர் சொல்வதை நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் காலையில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, ஃபேக்டரிச் சங்கு ஊதவில்லை. எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியை மூடப் போகிறார்களாம். பறிக்கிற இலையைப் பக்கத்து ஃபேக்டரிக்கு விற்றுவிடுவதாம். ஃபேக்டரி ஆட்களைக் கம்பெனியின் இன்னொரு எஸ்டேட்டுக்கு, கூடலூர்ப் பக்கம் மாற்றுகிறார்கள். அப்பாவுக்கு ஆர்டர் வந்துவிட்டது. தை மாதம் அங்கே சேர வேண்டும், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். என் தங்கை குன்னூரில் பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பரீட்சை. அவள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பாத்திரம் மூட்டை கட்டுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பரீச்சை முடியற வரைக்கும் ஊடு வேணும்னு பட்லர்கிட்டச் சொல்றதுதானுங்கம்மா?” என்றேன்.

“எந்தப் பட்லரு? அவரையத்தான் மொதல்ல நிறுத்திப் போட்டாங்களே” என்றாள் அம்மா. “பங்களாச் செலவக் கொறைக்கோணும்னு கம்பெனில சொன்னாங்களாமா. இப்ப ஊட்டில ஏதோ லாட்ஜில ஆம்லெட் போட்டுட்டிருக்காரு.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பட்லர் போனதும் எஸ்டேட்டே ஊமையாகிவிட்டது. யார் வீட்டில் ஒழுகினாலும், யாருக்கு லீவு வேண்டுமானாலும், மேலே சொல்ல ஆளில்லை. பாதி வீடுகளில் கூரைக்குக் கீழே குண்டான் வைத்திருந்தார்கள். ஒருவர் கூடப் பங்களாவுக்கு ஏறவில்லை.

“உங்கப்பா பண்ணுன காரியத்தக் கேளு” என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பா அவசரமாகப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். மனிதர் பஸ் ஏறி ஊட்டிக்கே போயிருக்கிறார். லாட்ஜைத் தேடிக் கண்டுபிடித்து, பட்லரிடம் நம்ம விஷயத்தைத் துரை காதில் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட பட்லரிடம்.

“அதுக்கு அவரு என்ன சொன்னாருங்கப்பா?”

பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. “என்னை நிறுத்தறாங்கன்னு தெரிஞ்சப்ப, நிறுத்த வேண்டாமுன்னு யாரு மூலமா தொரைகிட்டச் சொல்றதுன்னு தெரியாமத்தானுங்க நானே பெட்டியக் கட்டிட்டு வந்தேன்னு சொன்னாரு. ஒரு ஆம்லெட் போட்டுக் குடுத்தாரு. காசு வாங்கிக்கல.”

அதற்கப்புறம் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அம்மா மறுபடி பாத்திரத்தை எடுத்துத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள்.

மறுநாள் குன்னூர் போய்வருவதாகச் சொல்லிவிட்டுப் பங்களாவுக்கு ஏறினேன். பெரிய துணிச்சல் என்று நினைத்துவிட வேண்டாம். என் கால்கள் தானாகவே சமையலறைப் பக்கத்துக் குறுக்குப் பாதையில்தான் திரும்பின. நாங்களெல்லாம் அந்த வழியாகத்தான் போவோம். முன்வாசலை நான் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைப் பார்ப்பது போலத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் சமையலறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டித் தட்டிப் பார்த்தேன். திறக்க அங்கே யார் இருக்கிறார்கள்? வேறு வழியில்லாமல் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய் மணியை அடித்தேன்.

துரையே வந்து கதவைத் திறந்தார். தோளில் ஒரு அடுக்களைத் துணி, உள்ளேயிருந்து டோஸ்ட் கருகிய வாசனை. நான் டீ மேக்கர் மகன் என்றதும் முகம் மலர்ந்தது.

“ஃபாரின்ல இருக்கற பையனா? வா, வா. உனக்கு டீ போடத் தெரியுமா?”

டீ எஸ்டேட்டின் துரை, டீ மேக்கர் மகனிடம் கேட்ட கேள்வி இது. தெரியுமுங்க என்றேன். அந்தப் பெரிய சமையலறையில் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து சர்க்கரையைத் தேடி, டீ போட்டு, சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுபோனேன். துரை உட்கார்ந்திருந்தார். கோப்பையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு அடி பின்னால் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஒரு வாய் குடித்தார். நல்ல மூடில் இருப்பது மாதிரி தெரிந்தது. மெதுவாக ஆரம்பித்தேன். “டீ மேக்கர் ஊட்ல ஒரு விஷயமுங்க…”

அந்த நிமிடம் எனக்கே என்னைப் பார்க்கத் தூக்கிவாரிப் போட்டது. குரல் கூடப் பட்லர் குரல் மாதிரியே இறங்கியிருந்தது. டீ மேக்கர் வீடு என்றால் யார் வீடு? என் வீடு. அங்கே படித்துக்கொண்டிருப்பது என் தங்கை. நான் எதற்காக மூன்றாம் மனிதர் சேதியைக் கொண்டுவந்தவன் போலக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்? எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“சார், என் தங்கச்சி பன்னெண்டாவது படிக்கறா. மார்ச்ல பரீச்சை. அது முடியற வரைக்கும் எங்களுக்கு ஊடு வேணுமுங்க. எங்கப்பாவுக்குக் கூடலூர் போக இஷ்டமே இல்லீங்க.”

துரை கோப்பையைக் கீழே வைத்தார். “இஷ்டமில்லையா? உங்கப்பா சொல்லவே இல்லையே. கூடலூர் போறதுல யாருக்காவது ஆட்சேபணை இருந்தா வந்து சொல்லுங்கன்னு போர்டுல ஒட்டியிருந்தேன். ஒருத்தரும் வரலை. எல்லாருக்கும் சம்மதம்னு கம்பெனிக்கு எழுதிட்டேன்.”

அந்த அறிவிப்பை எல்லோரும் படித்திருக்கிறார்கள். படித்துவிட்டு, யார் மூலமாகச் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவரிடம் அதைச் சொன்னேன். ஒழுகுகிற கூரைகளையும் சொன்னேன். உட்கார்ந்தாகிவிட்டது, இனி எதற்குக் கஞ்சத்தனம் என்று, ஊட்டிக்குப் போய் ஆம்லெட் சாப்பிட்டது வரை சொல்லிவிட்டேன்.

அவர் தோளில் கிடந்த துணியை எடுத்து மேஜை மேல் வைத்தார். அப்புறம் சொன்னார், “பட்லர் போனதுல இருந்து ஒருத்தரும் ஒண்ணும் கேக்கறதில்லை. எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்கன்னுதான் நான் நெனைச்சேன்.” எனக்கு அவர் மேலும் பரிதாபமாக இருந்தது. இவ்வளவு பெரிய பங்களாவில் தனியாக டோஸ்ட்டைக் கருக்கிக்கொண்டு, கீழே எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மாற்றலை இனி அவரால் தடுக்க முடியாது. பெயர்ப் பட்டியல் தலைமை ஆபீசுக்குப் போய்விட்டது. ஆனால் ஃபேக்டரியை ஒழுங்காக மூடி மெஷின்களைக் கழற்றி அடுக்கவும் ஒரு பொறுப்பான ஆள் வேண்டுமல்லவா, அந்த வேலையில் பரீட்சை முடியும்வரை அப்பாவை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். வீடும் அதுவரை இருக்கும். வாசல் வரை வந்து, “முன்னாலயே வந்து சொல்லியிருந்தா வேற பேரை எழுதியிருப்பேன்” என்றார். இறங்கி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் சொன்னதும் தங்கை ஒரு துள்ளுத் துள்ளினாள். அப்பாவுக்குப் பேயறைந்தது போல ஆகிவிட்டது.

“எந்தப் பக்கமா போனே?”

“முன்வாசல் வழியாங்கப்பா.”

“நின்னுதானே பேசுனே?”

“உக்காந்துட்டேனுங்கப்பா.”

அப்பா அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. வீடு கிடைத்தது, மகளுக்குப் பரீட்சை எழுத இடம் கிடைத்தது, அதற்கெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் தான் இத்தனை வருடம் நின்ற இடத்தில் மகன் உட்கார்ந்துவிட்டு வந்ததை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. எனக்கும் கொஞ்சம் கோபம். இன்னும் முன்னால் யாராவது உட்கார்ந்திருந்தால் கூடலூரே போக வேண்டியதில்லையே என்று.

அந்தக் கோபம் ராத்திரி படுக்கையில் என் பக்கமே திரும்பியது. முன்னாலேயே வந்து சொல்லியிருந்தால்! நான் யாரிடம் என்ன சொன்னேன்? காபி மெஷின் பக்கத்தில் ஒரு பட்லரிடம் அப்படி இப்படி என்றேன். மறுநாள் மத்தியானம் குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த போன் பூத்தில் நுழைந்து ஹாலந்துக்குப் போட்டேன். அங்கே அப்போதுதான் ஆபீஸ் தொடங்கியிருக்கும். மேனேஜர் எடுத்தார். சௌக்கியமா, மழையா, வெயிலா என்ற சுற்றி வளைப்பெல்லாம் இல்லாமல், லீடு வேலை எனக்கு வேண்டும் என்றேன். ஒரே மூச்சில் சொன்னதில் இங்கிலீஷ் இலக்கணம் எங்கெங்கோ போனது.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “இல்லை. அதைப் போன வாரம் கொடுத்துவிட்டேன்” என்றார். யாருக்கு என்று கேட்டேன். கால்வாய்க் கரையில் ஓடுகிறவருக்கு. என் பட்லருக்கு.

“அவர் வந்து கேட்டார். உனக்கு விருப்பம் என்று எனக்குத் தெரியவே தெரியாதே. நீ ஒருமுறை கூடச் சொன்னதில்லை.”

“அவர் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா?”

“சொன்னாரே. நீ கொடுத்த டீ பிரமாதம் என்றார்.”

பூத்துக்கு வெளியே ஒருவர் சில்லறையைக் கையில் குலுக்கிக்கொண்டு காத்திருந்தார். மேனேஜர் தொடர்ந்து சொன்னார். இந்த முறை இல்லை. அடுத்த வருடம் இன்னொரு குழு ஆரம்பிக்கிறோம், அப்போது வந்து கேள், எதையெல்லாம் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று இப்போதே சொல்கிறேன் என்று, என் குறைகளை அடுக்கினார். மீட்டிங்கில் வாயைத் திறப்பதில்லை என்பது முதல் குறை. போனை வைக்கும் முன், அந்த உடைந்த நாற்காலியையும் மாற்றித் தரச் சொன்னேன். அது உடைந்ததா, உனக்குச் சாய்ந்து உட்காருவதுதான் பழக்கம் என்று நினைத்தேன் என்றார்.

வெளியே வந்தபோது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இருபத்தெட்டு வயதில் முதல்முறையாக எனக்கென்று ஒன்று கேட்டு, முதல்முறையாக ‘இல்லை’ என்று நேராக வாங்கியிருக்கிறேன். அது இத்தனை லேசாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மேஸ்திரி வருவானா வருவானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேதனை அதில் இல்லை. பக்கத்து பேக்கரியில் சூடாக வர்க்கி பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

“என்ன கண்ணு விசேஷம்?” என்றாள் அம்மா.

“கேட்ட வேலை கெடைக்கலீங்கம்மா.”

இவனுக்கும் அப்பன் புத்திதான், ஒன்றுமே சரியாகச் சொல்ல வராது என்று முனகிக்கொண்டே அம்மா டீ போடப் போனாள். அப்பா ஒரு வர்க்கியை எடுத்து டீயில் நனைத்தபடி, நேரா மேனேஜர் அம்மாகிட்டயே கேட்டியா என்றார். ஆமாங்க என்றேன். மொகத்துக்கு நேரா இல்லைன்னுட்டாங்களா என்றார். ஆமாங்க. அவர் என்னை ஏதோ அடிபட்டு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, இன்னொரு வர்க்கியை என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த வருடம் புதுக் குழு ஆரம்பித்தபோது போய்க் கேட்டேன், கிடைத்தது. அப்புறமும் பல தடவை கேட்டு, பல தடவை இல்லை என்று வாங்கியிருக்கிறேன். இன்று என்னிடம் யோசனை கேட்டு வரும் பிள்ளைகளை விசாரித்துப் பார்த்தால் ஒவ்வொருவரும் ஒரு பட்லரை வைத்திருக்கிறார்கள். ஒருவன் மேனேஜரோடு லிஃப்டில் போகிற நண்பனை நம்பிக்கொண்டிருப்பான். ஒருத்தி ராத்திரி பத்து மணிக்கு அனுப்பும் மெயிலில் நேரத்தை மேனேஜர் கவனிப்பார் என்று நம்பிக்கொண்டிருப்பாள். எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று நானே போய்க் கேட்டுவிடுவது வழக்கம். டோஸ்ட் கருகிய வாசனை எனக்கு மறக்கவில்லை.

தங்கை பரீட்சையை நல்லபடியாக எழுதினாள். அதற்கப்புறம் அப்பா அம்மா கூடலூர் போனார்கள். அங்கே மழையும் அட்டையும் அதிகம். அக்கம்பக்கத்தில் பாதிப்பேர் மலையாளத்தில் பேசினார்கள். அப்பாவுக்கு எதுவும் ஒட்டவில்லை என்று அம்மா போனில் சொல்வாள். அப்பா மட்டும் வழக்கம்போல எல்லாம் நல்லாத்தான் இருக்குது என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே போன் செய்தார். அதுவே அதிசயம். எப்போதும் நான்தான் கூப்பிடுவேன்.

“கண்ணு, நேத்து இந்த எஸ்டேட் தொரை பங்களாவுக்குப் போயிருந்தேன்.”

“யாரு, நீங்களுங்களா?”

“நாந்தான். என்னைத் திருப்பிக் குன்னூருக்கே மாத்திக் குடுங்கன்னு கேட்டேன்.”

“என்னங்கப்பா சொன்னாங்க?”

“முடியாதுன்னுட்டாரு.” கொஞ்சம் நிறுத்தினார். குரலில் வருத்தம் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். “ஆனா எம்மொகத்தப் பாத்துச் சொன்னாரு கண்ணு. எதனால முடியாதுங்கறதையும் சொன்னாரு. நான் உக்காந்துதான் இருந்தேன்.”

அதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள்.

“இந்தக் கூத்தக் கேளு கண்ணு. முடியாதுன்னு சொன்னதுக்கு, உன்னையாட்டவே அரைக் கிலோ வர்க்கி வாங்கிட்டு வந்திருக்காரு உங்கப்பா.”